ஐந்தாவது குழாய்

அந்த வால்வை மூடச் சொன்னது நீங்கள்தான், தலைமையாசிரியர் ஐயா. பிள்ளைகள் விளையாட்டாக மூடியிருக்கலாம் என்று விசாரணையில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அது பொய். விளையாட்டாக மூடுகிற பிள்ளை கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போய் உங்கள் மேசை டிராயரில் வைக்காது.

எனக்கு நயமாக எழுத வராது. நான் லஸ்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் மதகு இருக்கும். மேலே இருந்து உத்தரவு வருகிற அளவுக்கு அந்த மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குகிறவன்தான் லஸ்கர். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அளவுகோலைப் பார்த்து, எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். மழை பெய்தாலும் எழுத வேண்டும், மகளுக்குக் கல்யாணம் என்றாலும் எழுத வேண்டும். முப்பது வருடம் அதை எழுதினேன். எங்கள் காலனித் தெருவில் முதல் அரசாங்க வேலை என்னுடையது. அதனால் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். இருக்காது. ஆனால் பெரிதாக இருக்கும்.

எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று தண்ணீர். இன்னொன்று தண்ணீரைப் பற்றி மனிதர்கள் சொல்கிற பொய்.

போன வருடம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம். மழை விட்டிருந்தது. நான் வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுப் பெண் தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள், நடவு வேலை செய்கிறவள். புருஷன் ஆந்திராவில் அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் பத்தாம் வகுப்பு. அம்மா வந்த வேகத்தில் ஒரு இரும்பைத் தரையில் போட்டாள்.

"அண்ணே, இவ பண்ணியிருக்கிற வேலையப் பாருங்க."

"என்னா இது?"

"ஸ்பேனர் மாமா," என்றது பெண்.

"ஸ்பேனர்னு எனக்குத் தெரியும். எவன் மண்டைய ஒடச்ச?"

"மண்டையெல்லாம் இல்ல. ஸ்கூல்ல வால்வத் தொறந்தேன்."

"எத்தன சுத்து?"

"பதினொண்ணு."

"நல்லா இருக்குதுண்ணே," என்றாள் அம்மா. "அவளுக்கு டி.சி. கொடுக்கப்போறாங்க. நீங்க சுத்து எண்ணிக்கிட்டு இருக்கீங்க."

உள்ளே இருந்து என் மனைவி வந்து அவளை உட்கார வைத்தாள். காபி வந்தது. பிறகுதான் விஷயம் முழுதாக வந்தது.

பள்ளிக்கூடம் ஒரத்தநாட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே படித்துவிட்டு வெளிநாடு போன ஒருவர் குடிதண்ணீர் டேங்க்கும் வடிகட்டியும் வாங்கிக் கொடுத்திருந்தார். சுவரை ஒட்டி ஒரே பைப், அதில் எட்டுக் குழாய். கூட்டம் நெரிகிறது என்று நீங்கள் ஒரு ஏற்பாடு செய்தீர்கள். தெருவாரியாக வரிசை. ஒன்றிலிருந்து நான்கு வரை மேலத்தெருவும் மெயின் ரோடும். ஐந்திலிருந்து எட்டு வரை காலனித் தெரு. ஊரில் யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள், ஏன் குடியிருக்கிறார்கள் என்பது ஒருவருக்குத் தெரியாவிட்டால் அவர் இந்த மாவட்டத்துக்காரர் இல்லை.

நான்காவது குழாய்க்கும் ஐந்தாவது குழாய்க்கும் நடுவில் ஒரு வால்வு. ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் எட்டிலும் தண்ணீர் வந்தது. பிறகு ஐந்திலிருந்து நின்றுபோனது. காலனிப் பிள்ளைகள் முன்னால் இருக்கிற குழாய்க்குப் போனால், உங்கள் வரிசைக்குப் போ என்று விரட்டினார்கள். வரிசையில் தண்ணீர் இல்லை. கழிப்பறைக்குப் பின்னால் ஒரு அடிபம்ப் இருந்தது. அதில் வருகிற தண்ணீரை நான் மாட்டுக்கு வைக்க மாட்டேன்.

ஐப்பசி வரைக்கும் பொறுத்திருந்து, ஒரு காலையில் இந்தப் பெண் அப்பாவின் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்த் திறந்துவிட்டாள். எட்டிலும் தண்ணீர் வந்தது. எந்தத் தெரு என்று பார்க்காமல் கையில் அகப்பட்ட குழாயில் எல்லோரும் குடித்தார்கள். அன்று மதியமே வால்வு மறுபடி மூடப்பட்டது. பெண்ணை அலுவலக வராண்டாவில் உட்கார வைத்துவிட்டார்கள். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தினாள், மாதக் கடைசிக்குள் நீங்களாகவே டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் போலீசுக்குப் போவோம் என்று அம்மாவிடம் சொன்னார்கள்.

மாதக் கடைசியில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நாமினல் ரோல் போகிறது. யார் யார் பரீட்சை எழுதுகிறார்கள் என்கிற பட்டியல். அதில் பேர் இல்லையென்றால் அந்த வருடம் பரீட்சை இல்லை. நடு வருடத்தில் டி.சி. வாங்கிய பெண்ணை இன்னொரு பள்ளியில் சேர்த்து, அங்கே பட்டியலில் ஏற்றி, அதெல்லாம் நடக்கிற காரியமா. அம்மாவுக்கு அதுதான் பயம். படிப்பு நின்றால் நடவுக் கூட்டத்தில் ஒரு ஆள் கூடும், அவ்வளவுதான் என்றாள்.

ஆகவே எங்களுக்கு முன்னால் இருந்தது ஒரே கேள்வி. அந்தப் பட்டியலில் இவள் பேர் இருக்குமா, இருக்காதா.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நிதானமாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். என் மனைவி வாசலில் நின்று, "வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் எச்சி முழுங்குங்க," என்று சொல்லி அனுப்பினாள்.

நீங்கள் மரியாதையாகத்தான் பேசினீர்கள், ஐயா. அதை மறைக்கவில்லை.

"உக்காருங்க பெரியவரே. தெருவுக்கு நாலு குழாய் கொடுத்திருக்கேன். இதவிடச் சமமா யாரு பிரிக்க முடியும், சொல்லுங்க."

"அஞ்சாவதுல தண்ணி வரலைங்களே."

"பிரஷர் பத்தல. மோட்டார் பழசு."

முப்பது வருடம் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். மேல்மடையில் ஷட்டரை இறக்கிவிட்டு, கடைமடைக்காரன் வந்து கேட்டால் துரு என்பார்கள், செத்தை அடைத்துக்கொண்டது என்பார்கள், மேட்டூரிலேயே குறைத்துவிட்டான் என்பார்கள். எச்சில் விழுங்கினேன். போதவில்லை.

"பிரஷர் என்னா தெருவு பாத்தா நிக்கும்?" என்று ஆரம்பித்தேன். அதற்கப்புறம் நான் பேசியது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. வகுப்புகளில் பாடம் நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வாட்ச்மேன் என் தோளில் கை வைத்து வெளியே கூட்டிவந்தார். பாவம், அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் உடனே ஒரு தாளில், மாணவியின் உறவினர் அலுவலகத்தில் நுழைந்து தகாத வார்த்தைகள் பேசினார் என்று எழுதிக்கொண்டீர்கள். நான் செய்த முதல் முட்டாள்தனம் அது. அதுவரை உங்களிடம் காகிதம் எதுவும் இல்லை. நானே ஒன்று எழுத வைத்தேன்.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள்.

"மாமா, எத்தன கெட்ட வார்த்த சொன்னீங்கன்னு தெரியுமா?"

"ரெண்டு இருக்கும்."

"நாலு. வராண்டாவுல உக்காந்து எண்ணுனேன். ஒண்ணு எனக்குப் புதுசு."

"உங்கம்மாகிட்ட சொல்லாத."

"அம்மாதான் அழுவுறாங்க. நீங்க கத்துனதால டி.சி. சீக்கிரமா வந்துரும்னு." பிறகு பையிலிருந்து ஒரு ரஃப் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "இதப் பாருங்க. இது ஏதாவது உதவுமா?"

ஜூலை மாதத்திலிருந்து எழுதி வைத்திருந்தாள். தேதி, காலை இன்டர்வெல், மதியச் சாப்பாடு. இன்று ஐந்து வரவில்லை. இன்று ஆறு சொட்டுகிறது. இன்று ஆறாம் வகுப்புப் பையன் நான்காவது குழாய்க்குப் போனான், அடித்து அனுப்பினார்கள். எல்லாம் பென்சிலில், கணக்குகளுக்கு நடுவே, பூ படம் போட்டு.

நான் முப்பது வருடம் எழுதியதை, யாரும் சம்பளம் கொடுக்காமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், இவள் எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் வீட்டில் அலமாரி நிறையப் பதிவேடு கிடக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வாயை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

பழைய பதிவேடு ஒன்றில் எழுதாத பக்கங்கள் இருந்தன. எட்டுக் குழாய்க்கு எட்டுக் கட்டம் கோடு போட்டுக் கொடுத்தேன். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அவளை வகுப்புக்குள் விடவில்லை என்பதால் எழுதுவது யார் என்று கேட்டேன். பக்கத்துப் பெஞ்சுத் தோழி எழுதுவாள் என்றாள். தோழி மேலத்தெரு.

"அவ எழுதுவாளா?"

"அவதான் மாமா மொதல்ல கேட்டா. எங்க குழாயில வருது, ஒங்களுதுல மட்டும் ஏன் வரலைன்னு. எனக்கு அதுவரைக்கும் ரிப்பேர்னுதான் நெனப்பு."

தோழி பத்து நாள் எழுதினாள். ஒரு நாளும் விடவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் குழாய் வரிசையில் ஒன்றிலிருந்து எட்டு வரை நடந்து, ஒவ்வொன்றையும் திறந்து மூடி, வருகிறது, வரவில்லை என்று குறித்தாள். குறிப்புக் கட்டத்தை மட்டும் அவள் இஷ்டத்துக்கு நிரப்பியிருந்தாள். தமிழய்யா ஒன்றாம் குழாயில் வாய் கொப்பளித்தார். இரண்டாம் குழாயில் காக்காய் குடித்தது, அதை யாரும் விரட்டவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு நான் பதிவேட்டைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

அதை இணைத்து மனு எழுதினேன். திங்கட்கிழமை தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசில் மனு நாள். பெண்ணின் அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டேன். வாசலில் போலீஸ்காரர் எல்லோருடைய பையையும் சோதித்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் யாராவது கொண்டுவந்துவிடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம். எங்கள் பையில் புளிச்சோறும் ஸ்பேனரும் இருந்தன.

"இது எதுக்குய்யா?"

"சாட்சிங்க."

"சாட்சிய இங்கயே வச்சிட்டுப் போங்க. திரும்பி வர்றப்ப வாங்கிக்கங்க."

உள்ளே, மழையில் சாய்ந்த நெற்பயிரைக் கட்டுக் கட்டாகக் கையில் பிடித்துக்கொண்டு விவசாயிகள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று மனுவைக் கொடுத்து ரசீது வாங்கினோம். வரும்போது போலீஸ்காரர் ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல ஸ்பேனர், தொலைத்துவிடாதீர்கள் என்றார்.

இரண்டு நாளில் அம்மாவின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பெண் அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். வந்தவளுக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை.

"மாமா, நம்ம மனு நீர்வளத் துறைக்குப் போயிருக்கு."

"பள்ளிக்கல்வித் துறைக்குத்தானே போவணும்?"

"நீங்க என்னா எழுதுனீங்கன்னு நகல எடுங்க பாப்போம்."

எடுத்துப் பார்த்தேன். பொருள்: கடைசி நான்குக்குத் தண்ணீர் திறந்துவிடக் கோருதல் தொடர்பாக. முதல் பத்தி முழுதும் ஷட்டர் நிலை, தலைமடை, கடைமடை, இணைப்பில் காண்க. பள்ளிக்கூடம், தெருவாரி, பாகுபாடு எல்லாம் மூன்றாவது பத்தியில் இருந்தது. கீழே கையெழுத்துக்கு அடியில், ஓய்வுபெற்ற லஸ்கர், நீர்வளத் துறை என்று எழுதியிருந்தேன். முப்பது வருடம் எழுதிய கை. அதுவாகவே எழுதிவிட்டது. அத்தனை கூட்டத்தில் எந்தக் குமாஸ்தா மூன்றாவது பத்தி வரைக்கும் படிப்பான்.

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "ரிட்டயர் ஆனப்புறமும் ஆபீசுக்கே ரிப்போட்டு அனுப்பியிருக்கீங்க."

"ஒண்ணும் கவலப்படாதீங்க மாமா," என்றாள் பெண். "எங்க ஸ்கூலுக்கு மேட்டூர்ல இருந்து தொறந்து விடுவாங்க."

அவள் சிரித்தாள். ஆனால் மாதக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அம்மா சிரிக்கவில்லை. அன்று இரண்டாவது மனுவைப் பெண் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், மாவட்டக் கல்வி அலுவலருக்கு. முதல் வரியே அவளுடையது. எங்கள் பள்ளியில் எந்தத் தெருப் பிள்ளை எந்தக் குழாயில் குடிக்க வேண்டும் என்று பிரித்திருக்கிறார்கள். அவ்வளவுதான். இதை ஏன் முதலிலேயே எனக்கு எழுத வரவில்லை என்று தெரியவில்லை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் இல்லை.

ஐந்து நாள் மிச்சம் இருந்தபோது, நான் உட்கார்ந்திருந்த பாலத்து டீக்கடைக்கு முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. நீர்வளத் துறை ஜீப். அந்த வண்டியின் சத்தம் எனக்குத் தெரியும். உதவிப் பொறியாளர், சின்ன வயதுப் பெண், புதிதாக வந்தவர். கையில் என் மனு.

"இங்க எட்டு ஷட்டர் எந்த வாய்க்கால்லங்க இருக்கு? என் லிஸ்ட்ல இல்லையே."

நான் எழுந்து போய் உள்ளதைச் சொன்னேன். அவர் மனுவை ஜீப்பின் பானட்டில் விரித்து மறுபடி படித்தார்.

"இது வாய்க்காலே இல்ல."

"இல்லைங்கம்மா."

"ஸ்கூல்ல குடிதண்ணிக் குழாய்."

"ஆமாங்கம்மா."

"இத எனக்கு ஏங்க அனுப்புனீங்க?"

"நான் அனுப்பலைங்கம்மா. கைப்பழக்கம் அனுப்பிருச்சு."

அவர் கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் கண் மூன்றாவது பத்திக்குப் போயிருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பதிவேட்டு நகலைப் புரட்டினார். காக்காய் வரியில் நின்றார்.

"யாரு எழுதுனது இது?"

"பத்தாவது படிக்கிற பொண்ணுங்கம்மா."

"நம்ம ஆளுங்க இவ்வளவு ஒழுங்கா எழுதுனா எனக்குப் பாதி வேல மிச்சம்." மனுவை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "சம்பந்தம் இல்லன்னு திருப்பி அனுப்பலாம். ஆனா இவ்வளவு தூரம் வந்துட்டேன். ஏறுங்க, பாத்துட்டே போவோம்."

பள்ளிக்கூடத்தில் நீங்கள் ஓடிவந்து வரவேற்றீர்கள், ஐயா. பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, டீ வந்தது. தண்ணீர் இலாகா அதிகாரி என்றதும் புது மோட்டார் கிடைக்கும் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பிரஷர் பத்தலை மேடம், மோட்டார் பழசு மேடம் என்று என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னீர்கள். என்னை உங்களுக்குத் தெரிந்தது. ஆனால் அதிகாரியோடு வந்தவனை வெளியே போகச் சொல்ல முடியவில்லை. நானும் அன்றைக்கு எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

அவர் குழாய் வரிசையில் நடந்தார். நான்காவதைத் திறந்தார். கை நிறைய வந்தது. ஐந்தாவதைத் திறந்தார். ஒன்றும் இல்லை.

"சார், நாலாவதுல இவ்வளவு வருது. ரெண்டடி தள்ளி அஞ்சாவதுல சொட்டு இல்ல. பிரஷர் கொறஞ்சா கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறையும். இப்படி வெட்டுன மாதிரி நிக்காது."

"அதான் மேடம் எங்களுக்கும் புரியல."

"நடுவுல வால்வு இருக்கே. கைப்பிடி எங்க?"

இந்த இடத்தில்தான் நீங்கள் தவறினீர்கள். அதிகாரி கேட்டால் இருக்கிறது என்று சொல்லியே பழகிய வாய். எனக்குக் கை எப்படியோ உங்களுக்கு வாய் அப்படி.

"இருக்கு மேடம், பத்திரமா வச்சிருக்கேன்," என்று சொல்லி உள்ளே போய், உங்கள் மேசை டிராயரைத் திறந்து, கைப்பிடியைக் கொண்டுவந்து நீட்டினீர்கள். நீட்டிய பிறகுதான் உங்கள் முகம் மாறியது.

வராண்டாவில் பெண் எழுந்து நின்றாள். மதிய மணி அடித்திருந்தது. பிள்ளைகள் தட்டோடு கூடிவிட்டார்கள்.

"அன்னிக்குத் தொறந்தது யாரு?" என்று கேட்டார் பொறியாளர்.

"நான்தான் மேடம்."

"எத்தன சுத்து?"

பெண் என்னைப் பார்த்தாள். சிரிப்பை உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "பதினொண்ணு மேடம்," என்றாள்.

"இந்தா. தொற."

கைப்பிடியைப் போட்டுத் திருப்பினாள். பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழுக்கு முன்னால் எட்டுக்குப் போய்விட்டார்கள், மற்றவர்கள் அவர்களைத் திட்டிவிட்டு மறுபடி ஏழிலிருந்து எண்ணினார்கள். பதினொன்றில் ஐந்தாவது குழாய் காற்றைத் துப்பியது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிந்த தண்ணீர். ஆறு, ஏழு, எட்டு. மேலத்தெருத் தோழி நேராக எட்டாவது குழாய்க்குப் போய்க் கையேந்திக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டும் ஒரே தண்ணிதான், எழுதிக்கட்டுமா மேடம்?" என்று கேட்டாள்.

பொறியாளர் அங்கேயே உட்கார்ந்து ஆய்வுக் குறிப்பு எழுதினார். வால்வு கையால் மூடப்பட்டிருந்தது. கைப்பிடி கழற்றப்பட்டுத் தலைமையாசிரியர் அறையிலிருந்து கொண்டுவரப்பட்டது. திறந்ததும் எட்டுக் குழாயிலும் தண்ணீர் வந்தது. மோட்டாரிலும் அழுத்தத்திலும் குறையில்லை. படித்துக் காட்டி உங்கள் கையெழுத்தைக் கேட்டார். சுற்றிலும் இருநூறு தட்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. போட்டீர்கள். எனக்கு ஒரு நகல் தந்தார். கல்வித் துறைக்காரர் எத்தனை பேர் வந்திருந்தாலும் இப்படி நாலு வரி எழுதியிருக்க மாட்டார்கள். தண்ணீர்க்காரிக்குத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் எழுதத் தெரியவில்லை, அதனால் எல்லாவற்றையும் எழுதிவிட்டார்.

அந்த நகலோடு நானும் அம்மாவும் மறுநாளே கல்வி அலுவலகத்துக்குப் போனோம். இந்த மனுவிலும் முதல் வரியிலேயே பள்ளிக்கூடம் இருந்தது. என் பேருக்குக் கீழே உத்தியோகம் எதுவும் எழுதவில்லை. விசாரணை வந்தது. டி.சி. பேச்சு நின்றது. தெருவாரி வரிசை போனது. வால்வையே அறுத்து எடுத்துவிட்டு நேர் பைப் போட்டார்கள். நாமினல் ரோலில் பெண்ணின் பேர் பதினேழாவதாக இருந்தது. ஆசிரியை அதைக் காட்டியபோது மூன்று தடவை படித்தாளாம், இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று. அப்பா ஆந்திராவிலிருந்து போன் செய்து, ஸ்பேனர் பத்திரமா என்று மட்டும் கேட்டார். அவர் அப்படித்தான், சந்தோஷம் வந்தால் சாமானைப் பற்றிப் பேசுவார்.

இப்போது மற்ற ஊர்க்காரர்களும் வருகிறார்கள். வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிற ஒருவர், எங்கள் தெருவில் பெண் எடுத்தவர், தன் பிள்ளையைச் சத்துணவுக்குத் தனியாக உட்கார வைக்கிறார்கள் என்று வந்தார். வந்ததும் அந்த வாத்தியாரை என்ன செய்யப்போகிறார் என்று சொல்ல ஆரம்பித்தார். நான் அவருக்கு ஒரு நோட்டைக் கொடுத்தேன். தேதி, நேரம், யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் சொன்னார்கள். பத்து நாள் எழுதுங்கள், பிள்ளையையே எழுத விடுங்கள், அதற்கப்புறம் கத்தலாம், நானும் வந்து கத்துகிறேன் என்றேன். மனுவில் முதல் வரியில் விஷயத்தைப் போடுங்கள் என்றும் சொன்னேன். அதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லவில்லை. என் மனைவி சொல்லிவிட்டாள்.

பெண் பரீட்சை எழுதினாள், பாஸ் செய்தாள். இப்போது ஒரத்தநாட்டுக்குப் பஸ்ஸில் போய்ப் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். விஷயம் முடிந்தது என்று விட்டிருப்பேன். போன மாதம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்த விசாரணை அறிக்கை வந்தது. பெண்ணை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். வால்வை மாணவர்கள் விளையாட்டாக மூடியிருக்கலாம் எனத் தலைமையாசிரியர் தெரிவித்துள்ளார். சம்பந்தப்பட்ட மாணவி எச்சரிக்கப்பட்டாள்.

அவள் கோபப்படவில்லை. அறிக்கையை வாங்கி இன்னொரு தடவை படித்தாள்.

"மாமா, தொறந்ததுதான் நான். மூடுனதுல எனக்குப் பங்கே இல்ல. இதுல மூடுனது நாங்கன்னு இருக்கு. மாத்தி எழுதச் சொல்லுங்க."

"பாஸ் ஆயிட்டியே."

"பாஸ் வேற. இது தப்பா இருக்கு. நீங்க தப்பான ரீடிங்க விட்டு வைப்பீங்களா?"

விட்டு வைக்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வருடம் தண்ணீர் குறைந்தபோது, மேல்மடையில் ஒரு பெரிய மனிதர் கேட்டார் என்று மூன்று நாள் ஷட்டரை இறக்கி வைத்தேன். கடைமடையில் நாற்று காய்ந்தது. பதிவேட்டில் செத்தை அடைப்பு என்று எழுதினேன். காய்ந்த நாற்றில் பாதி எங்கள் சொந்தக்காரர்களுடையது. என் பதிவேட்டில் பொய்யாக இருக்கிற வரி அது ஒன்றுதான், எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆகையால் மூடச் சொல்ல ஒரு வாயும் மூடுவதற்கு ஒரு கையும் இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஐயா. உங்களிடம் யாரோ வந்து கேட்டிருக்கலாம். எங்கள் பிள்ளையும் அவர்கள் பிள்ளையும் ஒரே பைப்பா என்று கேட்டிருக்கலாம். நீங்கள் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். முதலில் நான் எழுந்து அந்த மூன்று நாளைப் பற்றிச் சொல்கிறேன், யார் கேட்டார், நான் ஏன் மூடினேன் என்று. அதற்கப்புறம் மைக்கை உங்களிடம் தருவேன். பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள், தோழி நோட்டோடு வருவாள். வால்வை மூடச் சொன்னது யார், உங்களிடம் வந்து கேட்டது யார், கைப்பிடி உங்கள் டிராயருக்கு எப்படி வந்தது. ஊருக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.